நரிமணம் பக்கத்து மெஸ்: ரசத்துக்காக ஒரு ஸ்டார் கட்

நாகூர்–நன்னிலம் ரோட்டுல, நரிமணம் பக்கம், போர்டு இல்லாத தகரக் கொட்டகை. பதினோரு வருஷம் சாப்பிட்ட இடம். நான் கொஞ்சம் சார்பாத்தான் எழுதுவேன்.

சங்கரா மீன் குழம்புக்கே போகலாம். மீன் காலைல நாகப்பட்டினத்துலேர்ந்து வந்துடும். முந்தின நாள் குழம்பு மீந்திருந்தா தனிச் சட்டியில வச்சிருப்பாங்க, மெஸ் நடத்தற அக்காகிட்ட கேட்டா ரெண்டு கரண்டி ஊத்துவாங்க. புளியும் மிளகாயும் மீன்ல ஏறி நிக்கும். ரசம் மட்டும் வெந்நீர். எத்தனையோ தடவை சொல்லிட்டேன், சிரிப்பாங்களே தவிர மாத்த மாட்டாங்க. சாப்பாடு 90, மீன் தனியா 60.

பனங்குடி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1993-ல வந்தப்ப அக்காவோட மாமியார் போட்ட டீக்கடை இது. அங்கயே வருஷத்துக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கற புது ஆலைக்கு 2021-ல அடிக்கல் நாட்டினதும், கூட்டம் வரும்னு கடன் வாங்கிப் பின்பக்கம் கொட்டகையை நீட்டினாங்க. இப்ப அங்க பெஞ்சைக் கவுத்து அடுக்கி, மேல எருமுட்டை காயுது.

முன்ன எண்ணெய்க் கிணறு தோண்டற ரிக்குக்கு மட்டும் தினம் நாப்பது கேரியர் போகும். 14 நாள் டூட்டி, 14 நாள் லீவு, 12 மணி நேர ஷிப்ட். பசி எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க. நான் அந்த ரிக்குல 30 அடி பைப்புக்கு டாங்ங்கற பெரிய இடுக்கி மாட்டி இறுக்கற ஆள். போன மாசி மாசம் ரிக்கைப் பிரிச்சாங்க. 'ஆள் சீரமைப்பு'ன்னு கான்ட்ராக்டர் ஒரு தாளை நீட்டினாரு. நாலு பேர் பாத்த வேலைக்கு இனி ரெண்டு பேராம். கேட் பாஸை வாங்கி டப்பாவுல போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. டெல்டாவுல புது எண்ணெய்க் கிணறு கூடாதுன்னு 2020-ல சட்டம் வந்தன்னைக்கு எங்கப்பா பாயசம் வைக்கச் சொன்னாரு. மூணு மா நிலம் வச்சிருக்கறவரு. நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

போன வாரம் போனேன். கடன் எழுதற பற்று நோட்டுல என் பேருக்கு 2,340 ரூபா. "பாதியாவது குடு தம்பி, மீன்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது"ன்னாங்க அக்கா. ஆயிரம் குடுத்தேன். அதுக்கப்புறமும் சட்டிக் குழம்பு வந்துச்சு.

ஜிபே கிடையாது, சில்லறையோட போங்க. முன்னல்லாம் ஒரு மணிக்கே மீன் தீந்துடும். இப்ப மூணு மணிக்குப் போனாலும் கிடைக்குது.