ஸ்பின்னரா, முள் மோதிரமா?

மீட்டிங்கில் என் கை சும்மா இருக்காது. பேனா மூடியைக் கடிப்பேன், நகத்தோரத் தோலைப் பிய்ப்பேன். 34 வயதில் ஏடிஹெச்டி (கவனம் ஒரிடத்தில் நிற்காமல் சிதறும் குறைபாடு) என்று தெரிந்த பிறகு, கைக்கு வேலை கொடுக்க இரண்டு பொருள் வாங்கினேன்.

ஒன்று, 2017-ல் பள்ளிப் பிள்ளைகள் கையிலெல்லாம் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னர். நடுவில் பால் பேரிங், மூன்று இறக்கை. சுற்றுவது சுகம்தான், ஆனால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது, எதிரே பேசுபவர் காணாமல் போகிறார். ஏடிஹெச்டி உள்ள சிறுவர்களை வகுப்பில் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றிலும் ஸ்பின்னரால் கவனம் குறையத்தான் செய்தது. போதாததற்கு அந்த 'விர்ர்' சத்தம்.

இன்னொன்று அக்குபிரஷர் மோதிரம். மெல்லிய கம்பிச் சுருள், முள்முள்ளாக இருக்கும். மேசைக்கடியில் விரல் நுனியிலிருந்து அடிவரை உருட்டலாம். பார்க்க வேண்டாம், சத்தமும் இல்லை. தோலில் வரிவரியாகத் தடம் விழும். அந்தக் குத்தல்தான் ஓடும் மனதை இழுத்துப் பிடிக்கிறது. சகல நோயும் தீரும் என்று கடைக்காரர் சொன்னதை நான் கண்டுகொள்ளவில்லை.

குறை? அடிக்கடி தொலையும். (எங்களிடம் எதுதான் தொலையாது!) அழுத்தி உருட்டினால் சுருள் பிரிந்துவிடும்.

மீட்டிங்குக்கு மோதிரம்தான். ஸ்பின்னர், கஸ்டமர் கேர் போனில் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கும்போது மட்டும்.