வண்ணார்பேட்டை மாடியா, கங்கைகொண்டான் வளாகமா?

கங்கைகொண்டானில் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின்தகடு செய்யும் டாட்டா பவரின் ஆலை வந்த பிறகு, திருநெல்வேலியில் அலுவலக வாடகையும் எகிறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆலை கேட்பது கொட்டகையும் பெண்கள் விடுதியும்தான். ஆனால் அதற்கு ஆள் அனுப்புகிறவர், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எழுதுகிறவர், லாரி அமர்த்துகிறவர் எல்லோரும் அறை தேடுவது ஊருக்குள்.

வண்ணார்பேட்டையில் கடைக்கு மேலே ஒரு மாடி: படி செங்குத்து, வண்டி நிறுத்த இடமில்லை. இருந்தாலும் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்துவிடலாம். வாடிக்கையாளரும் அப்படித்தான் வருவார்.

கங்கைகொண்டானில் இருக்கும் எல்காட் (தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனம்) வளாகம் மதுரைச் சாலையில், ஊருக்கு வெளியே. மென்பொருள் நிறுவனத்துக்கு ஏற்றது. ஆனால் இரவுப் பணிக்கு வேன் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். பத்துப் பேருக்குள் என்றால் மாடியையே எடுங்கள்.