இயந்திரத்தைவிடக் கையை நம்பும் ஒரு பிசியோதெரபி நிலையம்

திருச்சி தில்லைநகர்ப் பகுதியில் இயங்கும் இந்தப் பிசியோதெரபி நிலையத்தில் எங்கள் வீட்டில் இருவர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். இடது மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் அதைத் தொடர்ந்து கதிர்வீச்சும் முடித்த என் அம்மா ஒருவர். இருசக்கர வாகன விபத்தில் முழங்கால் மூட்டை ஒட்டிய எலும்பு முறிந்து தகடு வைக்கப்பட்ட என் அண்ணன் மற்றொருவர். எலும்பு முறிவுக்குப் பயிற்சி தரும் இடங்கள் ஊரில் பல உண்டு. புற்றுநோய் சிகிச்சை முடிந்தவரின் உடலை அறிந்து கையாளும் இடம் கிடைப்பதுதான் அரிது என்பதால், அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சையைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதுகிறேன்.

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) அகற்றிய பிறகு அந்தக் கையிலிருந்து நிணநீர் வடிவது தடைபட்டுக் கை வீங்கக்கூடும். கதிர்வீச்சும் சேரும்போது அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அம்மாவுக்குக் கை வீக்கத்தோடு தோளும் இறுகிப்போய், தலை வாரிக் கொண்டை போடக்கூட அடுத்தவர் உதவி தேவைப்பட்டது. முதல் நாள் பிசியோதெரபிஸ்ட் சிகிச்சையைத் தொடங்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி நிதானமாகப் படித்தார். எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன, கதிர்வீச்சு எந்தப் பகுதிக்குத் தரப்பட்டது, ரத்தத் தட்டணுக்களின் அளவு என்ன, எலும்பில் நோய் பரவியதற்கான அறிகுறி ஏதும் ஸ்கேனில் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீக்கம் திடீரென்று கூடியது என்று அம்மா சொன்னதும், "முதல்ல உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்கம்மா, ரத்தக்கட்டு எதுவும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதற்கு முன் நாங்கள் போன வேறோர் இடத்தில் இப்படி எதையும் கேட்காமல், வீங்கிய கையின் மேல் சூடான ஒத்தடப் பையை வைத்தார்கள். நிணநீர் வீக்கம் உள்ள கைக்குச் சூடு கூடாது. புற்றுநோய் இருந்த இடத்தின் மேல் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக் கருவியை வைப்பதும் கூடாது. இவை தெரியாதவரிடம் புற்றுநோயிலிருந்து மீண்டவரை ஒப்படைப்பது ஆபத்தானது.

மருத்துவரின் ஒப்புதலோடு திரும்பி வந்த பிறகு நடந்த அளவெடுப்பை நான் அருகிலிருந்து பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு பேனாப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு கைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து, இடது, வலது என்று இரண்டு பத்திகளில் எழுதிக்கொண்டார். இரண்டு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறதா என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும். இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வீக்கத்தை வடிக்க அவர் செய்த மசாஜ், நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதற்கு நேர்மாறானது. முதலில் கழுத்து, பிறகு எதிர்ப்பக்கத்து அக்குள் என்று நீர் வடிய வேண்டிய வழிகளைத் தயார் செய்துவிட்டு, தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு மிக மென்மையாகக் கையை வருடினார். பிறகு பல அடுக்குகளாகக் கட்டுத்துணி சுற்றி, அந்தக் கட்டோடே பயிற்சிகளையும் செய்ய வைத்தார். அக்குளிலிருந்து முழங்கையை நோக்கிக் கயிறுபோல் புடைத்திருந்த ஓர் இழையை அம்மாவின் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லி, இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், பயிற்சியில் தளர்ந்துவிடும் என்று விளக்கியதும், அதை மறுபடியும் ஒரு கட்டி என்றே எண்ணிப் பயந்துகொண்டிருந்த அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்தக் கையால் இனி எதையும் தூக்கக் கூடாது என்று உறவினர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளரோ மிகக் குறைந்த எடையில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டினார். இதற்கு அடிப்படை உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீக்கம் வந்த 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, மேற்பார்வையோடு மெல்லக் கூட்டப்படும் எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை என்றும், வீக்கம் திடீரென மோசமாவது குறைந்தது என்றும் காட்டியது. கையில் சிவப்பு, சூடு, காய்ச்சல் கண்டால் பயிற்சியையும் மசாஜையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தாளில் எழுதியே கொடுத்தார்கள்.

அண்ணனின் சிகிச்சை எளிதாகவே போனது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதை ஒவ்வொரு முறையும் கோணமானியால் அளந்தார்கள்; காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டே முடிவு செய்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழ ஏறக்குறைய 90 டிகிரி போதும், ஆனால் சப்பணமிட்டு உட்காரவும் இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தவும் அதைவிட வெகுவாக மடங்க வேண்டும் என்பதால், வீட்டில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டு இலக்கை வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. மின்தூண்டல் கருவியை மாட்டிவிட்டு ஆள் நகர்ந்துபோகும் வழக்கம் இங்கே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. ஊன்றுகோலோடு வருபவருக்கு இது பெரும் சிரமம். புற்றுநோய்ப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரே இருப்பதால், அவர் விடுப்பில் போகும் வாரத்தில் அம்மாவைப் போன்றவர்களின் சிகிச்சை நின்றுவிடுகிறது. மேலாடையை விலக்கிச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு ஆண் பயிற்சியாளரிடம் போகப் பல பெண்கள் தயங்குவார்கள் என்பதை நிர்வாகம் உணர்ந்து, இன்னொருவரை நியமிக்க வேண்டும். வீக்கம் குறைந்த பின் கையில் அணிய வேண்டிய, இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை (கம்ப்ரெஷன் ஸ்லீவ்) அளவெடுத்து வெளியூரிலிருந்துதான் தருவிக்கிறார்கள்; சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். கட்டணம் நியாயமானதே என்றாலும், மருத்துவக் காப்பீடு எங்களுக்கு இதில் எதையும் தரவில்லை. தொடர்ந்து செலவு செய்ய இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் இயன்முறை சிகிச்சையைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அம்மா இப்போது கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். வீக்கம் முழுவதும் போய்விடவில்லை. போய்விடும் என்று இந்த நிலையத்தார் ஒருநாளும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், கை வீங்கும் வரை காத்திராமல் முன்னதாகவே ஒருமுறை வந்து இரண்டு கைகளின் அளவையும் பதிந்துகொள்வது நல்லது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவும். மாலையில் கூட்டம் அதிகம். காலை நேரத்தில் முன்பதிவு செய்துகொண்டு போனால் பயிற்சியாளர் அவசரமில்லாமல் கவனிக்கிறார்.