96 நிமிடம் என்று அச்சிட்டு விற்கும் குங்ஃபூ டிஸ்க்: வாங்கும் முன் படியுங்கள்

பழைய ஹாங்காங் சண்டைப் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு சின்ன கம்பெனி குறைந்த செலவில் எடுத்த குங்ஃபூ படம் ஒன்று இப்போது ப்ளூரே டிஸ்க்காக விற்கிறது. ‘ஹாங்காங் மூலப் பதிப்பு, 96 நிமிடம், வெட்டு எதுவும் இல்லை, பிலிமிலிருந்து புதிதாகச் சீரமைத்தது’ என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். அந்த நான்கில் ஒன்றுகூட உண்மை இல்லை. முழுப் பணம் கொடுத்து வாங்கினேன், பணம் திரும்பி வரவில்லை. விற்றவர் இதே பாணியில் வேறு படங்களையும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால் எந்தப் படம் என்பதைவிட எப்படி ஏமாற்றுகிறார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

இந்த வகைப் படங்களுக்கு ஊருக்கு ஒரு பதிப்பு உண்டு. ஹாங்காங் தியேட்டரில் ஓடியது ஒன்று, வெளிநாட்டு விற்பனைக்காக ஆங்கில டப்பிங் செய்து பேச்சுக்காட்சிகளைக் குறைத்தது இன்னொன்று, அதை வாங்கிய நாட்டின் சென்சார் மேலும் வெட்டியது வேறொன்று. அந்தக் காலத்தில் பிரிட்டன் இதில் மிகக் கடுமை. அங்கே ஜேம்ஸ் ஃபெர்மன் 1975 முதல் 1999 வரை தணிக்கை வாரியத்தின் தலைமையில் இருந்தார். சங்கிலியால் இணைத்த இரண்டு கட்டைகள், அதாவது நன்சாக்கு, திரையில் தெரிந்தாலே வெட்டிவிடுவார்கள். 1991இல் வந்த நிஞ்சா டர்டில்ஸ் இரண்டாம் படத்தில் நன்சாக்கு மாதிரி சுழற்றிய சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் சரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 1984 வீடியோ சட்டம் வந்த பிறகு கேசட்டுகளுக்கும் சான்றிதழ் கட்டாயமானது. ஜெர்மனியில் ஒரே படம் 16 வயதுக்கு வெட்டியும், 18 வயதுக்கு வெட்டாமலும் இரண்டு விதமாக வந்த கதை நிறைய உண்டு.

அதனால் ‘முழுப் பதிப்பு’ என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்ல வேண்டும். 1985இல் வந்த ஜாக்கி சானின் ‘தி ப்ரொடெக்டர்’ படத்துக்கு அமெரிக்கப் பதிப்பு ஒன்று இருக்கிறது. அது பிடிக்காமல் அவரே சண்டைகளைத் திரும்ப எடுத்து, புதுக் காட்சிகள் சேர்த்து ஹாங்காங்குக்கு வேறு பதிப்பு தயாரித்தார். இரண்டிலும் மற்றதில் இல்லாத காட்சிகள் உண்டு. பெரிய படம் என்பதால் இந்த விவரமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னப் படங்களுக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. இந்த மாதிரி ஆட்கள் நுழைவதும் அந்த இடைவெளியில்தான்.

டிஸ்க்கைப் போட்டதுமே முகங்கள் மெழுகு பொம்மை போலத் தெரிந்தன. ஒலியை ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழிக்கு மாற்றினால், யாரும் வாய் திறக்காத இடத்தில் சப்டைட்டில் வருகிறது. ஆங்கில டப்பிங்கைக் கேட்டு எழுதியதை அப்படியே கான்டனீஸின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கங்கே வெள்ளைக் கோடுகள் படுக்கைவசமாக மின்னின. பிலிம் புரொஜெக்டரில் மேலிருந்து கீழாக ஓடுவதால் அதில் விழும் கீறல் செங்குத்தாகத்தான் நிற்கும். படுக்கைவசமாகக் கோடு வந்தால் அது வீடியோ டேப்பின் தேய்மானம். பிலிமிலிருந்து சீரமைத்ததாகச் சொல்லும் டிஸ்க்கில் அதற்கு என்ன வேலை?

இந்தப் படத்தை என்னைப் போலவே நேசிக்கும் ஒரு நண்பர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரிடம் இரண்டு பழைய வி.ஹெச்.எஸ். வீடியோ கேசட் பிரதிகள் இருந்தன. ஒன்று அமெரிக்காவில் சீனர்கள் வாடகைக்கு எடுத்துப் பார்த்த டேப். ஹாங்காங் பிரின்டிலிருந்து எடுத்தது, படத்திலேயே சீன, ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். படம் மங்கல்தான், ஆனால் 96 நிமிடமும் இருக்கிறது. இன்னொன்று பிரிட்டிஷ் டேப், 88 நிமிடம். இரண்டையும் அனுப்பினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஷாட் ஷாட்டாகப் பார்த்தேன்.

அரிசி ஆலைச் சண்டையைச் சொல்கிறேன். டிஸ்க்கில் 61ஆவது நிமிடம். நாயகன் இடுப்பில் கை வைக்கிறான். அடுத்த ஷாட்டில் எதிராளி மூட்டைகளின் மேல் விழுந்து கிடக்கிறான். முரசுச் சத்தம் அடியின் நடுவிலேயே அறுந்து வேறு இடத்தில் தொடங்குகிறது. ஹாங்காங் பிரதியில் அந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் சண்டை இருக்கிறது. நாயகன் நன்சாக்கை உருவுகிறான், அது தூணில் சுற்றிக்கொள்கிறது, எதிராளி அதைப் பிடுங்கி இவன் கழுத்திலேயே போட்டு இறுக்குகிறான். மூச்சு நிற்கப்போகும் நேரத்தில்தான் இவன் காலால் மூட்டையைச் சரித்துத் தப்பிக்கிறான். செலவே இல்லாமல் நான்கு ஆட்களை வைத்து எடுத்த சண்டை. அந்த ஸ்டன்ட் கலைஞர்கள் உடம்பைக் கொடுத்து உழைத்தது அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். கிளைமாக்ஸில் நாயகன் அடிக்கடி கழுத்தைத் தடவுவான். டிஸ்க்கில் பார்ப்பவருக்கு அது ஏன் என்றே புரியாது.

டிஸ்க்கில் முரசு அறுபடும் அதே இடத்தில் பிரிட்டிஷ் டேப்பிலும் அறுபடுகிறது. டீக்கடையில் குரு தன் பழைய கதையைச் சொல்லும் காட்சி இரண்டிலும் இல்லை. அந்தப் படுக்கைக் கோடுகள்கூடச் சில இடங்களில் ஒரே ஃபிரேமில், அதாவது ஒரே தனிப் படத்தில், வருகின்றன. ஆக, விற்றது பிரிட்டிஷ் கேசட்டின் நகல்.

அப்படியானால் 96 நிமிடம் எப்படி வந்தது? சினிமா பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் பி.ஏ.எல். வீடியோ நொடிக்கு 25. அதனால் எந்தப் படமும் அந்த டேப்பில் நான்கு சதவீதம் வேகமாக ஓடி முடியும். 96 நிமிடப் படம் ஒரு வெட்டும் இல்லாமலே 92 நிமிடம் 10 நொடியாகிவிடும். இது தெரியாமல் ஐரோப்பிய டேப் எல்லாமே வெட்டியது என்று நினைப்பவர்களும் உண்டு. இங்கே 88 நிமிட டேப்பை 24 ஃபிரேமுக்கு மெதுவாக்கியிருக்கிறார்கள், 91 நிமிடம் 40 நொடி ஆனது. மீதி 4 நிமிடம் 20 நொடிக்குப் படம் முடிந்த பிறகு கறுப்புத் திரையில் இசையை ஓடவிட்டு, அதன் பின்னால் டிரெய்லரையும் ஒட்டிவிட்டார்கள். டிரெய்லர் தனியாக மெனுவில் இல்லை, படத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. ஏதோ தவறுதலாக நடந்த வேலை இல்லை இது. உண்மையான நீளம் என்னவென்று தெரிந்தவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்.

படச் சட்டத்தில் செய்த கொடுமை தனி. அசல் படம் 2.35க்கு 1, அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம் என்ற அகலத் திரையில் எடுத்தது. பிரிட்டிஷ் டேப் டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டி 4க்கு 3 என்று ஏறக்குறையச் சதுரமாக்கியது. இந்த ஆள் அந்தச் சதுரத்தின் மேலும் கீழும் திரும்ப வெட்டி ‘அகலத் திரை’ ஆக்கியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அசல் ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. குங்ஃபூ படத்தில் உதைக்கும் பாதம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அடி வாங்கியவன் தலை ஆடுவது மட்டும் தெரிகிறது.

விற்றவருக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். முதலில் ‘உங்கள் பிளேயரில் கோளாறு’ என்றார். நேரக்கணக்கை அனுப்பியதும் ‘அட்டையில் 96 போட்டிருக்கிறோம், டிஸ்க் 96 ஓடுகிறது, இதில் என்ன பொய்’ என்று கேட்டார். கடைசியில் உறை பிரித்த டிஸ்க்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முடித்துக்கொண்டார். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது தெரியாது, பிரித்துவிட்டால் பணம் கிடையாது. நான் எழுதிய விமர்சனத்தையும் விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னப் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவே இல்லை. நல்ல பிரின்டில் இல்லாத காட்சியை டேப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து முழுமையாக்குவது நல்ல வேலைதான், அதை மரியாதையோடு செய்யும் சின்ன நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று அட்டையிலேயே எழுதிவிடுவார்கள். நடுவில் படம் மங்கினாலும் மனசுக்கு நிறைவாக இருக்கும். ‘டேப்பிலிருந்து எடுத்தது, பிரிட்டிஷ் பதிப்பு’ என்று போட்டு விற்றிருந்தால் எனக்கும் புகார் இருந்திருக்காது.

சரி, வாங்கும் முன் என்ன கேட்கலாம்? எந்த நாட்டுப் பதிப்பு, எதிலிருந்து ஸ்கேன் செய்தது, படம் எத்தனையாவது நிமிடத்தில் முடிகிறது, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மொத்த நீளத்தை மட்டும் சொல்லி நழுவினால் விட்டுவிடுங்கள். சண்டைக்காட்சியிலிருந்து ஒரு அகல ஷாட்டின் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள், தலையும் பாதமும் சேர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். பிலிமிலிருந்து எடுத்தவர் இதைக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பிரித்திருந்தால் 61ஆவது நிமிடத்தையும் கடைசி நான்கு நிமிடங்களையும் அட்டையின் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்து வையுங்கள், பணம் கட்டிய கார்டு நிறுவனத்தில் புகார் கொடுக்க அது வேண்டும். என் புகார் அங்கே இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த அரிசி ஆலைச் சண்டையை முழுதாகப் பார்க்காதவர்கள் கேளுங்கள், ஷாட் வாரியாக நான் எழுதி வைத்த ஒப்பீட்டை அனுப்புகிறேன்.