பழைய வண்டிக்குக் கடைப் பெயர் ஆயில் போதுமா?

என்ஜின் ஆயில் வாங்குவோரில் பெரும்பாலோர் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். வண்டி புதிதாக இருக்கும்வரை அதில் பெரிய ஆபத்தில்லை. சர்வீஸ் நிலையமே அந்தக் கவலையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகளைக் கடந்து, இரண்டு லட்சம் கிலோமீட்டரையும் தாண்டி, ஆயிலைக் கொஞ்சம் குடிக்கவும் கொஞ்சம் கசியவிடவும் பழகிவிட்ட வண்டியை வைத்திருப்பவர், டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாக வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆயிலா, கடை தன் பெயரை ஒட்டி மலிவாக விற்கும் ஆயிலா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உரிய தர முத்திரை உள்ள கடைப் பெயர் ஆயிலைக் காலத்தோடு மாற்றுவது, விலையுயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு மறந்துபோவதைவிட மேல், முத்திரை இல்லாத மலிவு ஆயிலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

எந்தக் கடையும் தானே ஆயில் தயாரிப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து அடிப்படை எண்ணெயையும், ஆயிலின் குணத்தை மேம்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களான சேர்மானக் கலவையைத் தனியாக வேறொரு நிறுவனத்திடமிருந்தும் வாங்கிக் கலந்து, யார் கேட்கிறார்களோ அவர்கள் பெயரை ஒட்டிக் கொடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. சேர்மானக் கலவை செய்யும் தொழில் உலக அளவில் பெரும்பாலும் லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஓரோனைட் ஆகிய நான்கு நிறுவனங்களின் கையில் இருப்பதால், பெயர்பெற்ற ஆயிலுக்கும் கடைப் பெயர் ஆயிலுக்கும் மூலப்பொருள் ஒரே இடத்திலிருந்து வருவது அரிதல்ல. அதற்காக இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பெரிய நிறுவனம் தர வரம்பைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்மானம் போடக்கூடும். கடைப் பெயர் ஆயில் பெரும்பாலும் வரம்பை எட்டும் அளவோடு நின்றுகொள்ளும். பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்பத் தரவுத் தாளை வெளியிடுகின்றன. கடைகளில் பல வெளியிடுவதில்லை. ஆகவே வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே உறுதி அந்த வரம்புதான். அது என்ன வரம்பு என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வழங்கும் வட்ட முத்திரை டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும். வளையத்தின் மேல் பாதியில் தர வகையும், நடுவில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் பாகுத்தன்மை எண்ணும் அச்சாகியிருக்கும். பெட்ரோல் என்ஜினுக்கான வகைகள் எஸ் என்ற எழுத்தில் தொடங்குகின்றன: எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்எம் 2004இல், எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல், எஸ்க்யூ 2025இல். பிந்தைய வகை முந்தைய வகைகளுக்குப் பதிலாகப் பயன்படும் என்பது ஏபிஐயின் விதி. எனவே கையேட்டில் எஸ்எல் என்றிருக்கும் வண்டிக்கு எஸ்பி ஆயிலை ஊற்றலாம். முத்திரையைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை ஏபிஐயே இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கடைப் பெயர் ஆயிலை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வளையம் இல்லாமல் ‘எஸ்என் தரத்தை நிறைவு செய்கிறது’ என்ற வாசகம் மட்டும் இருந்தால் அது விற்பவரின் வாக்குமூலம். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சரிபார்க்க வழியில்லை.

மலிவு ஆயிலின் உண்மையான பொறி இன்னும் கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. சில மலிவு டப்பாக்களில் எஸ்ஏ போன்ற மிகப் பழைய வகைதான் அச்சாகியிருக்கும். எஸ்ஏ என்பது சேர்மானமே இல்லாத வெறும் எண்ணெய். 1930க்குப் பிறகு செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு அது ஏற்றதல்ல என்று ஏபிஐயே சொல்கிறது. எஸ்பிக்கு அந்த எல்லை 1951, எஸ்எஃப்புக்கு 1988. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும்: 1951ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்ட பழைய எஸ்பி ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தில் முடிவது, 2020இல் வந்த எஸ்பி பெட்ரோலின் முதல் எழுத்தில் முடிவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், டப்பாவில் உள்ள எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டு வாங்கக் கூடாது. ‘பழைய வண்டிதானே, பழைய வகை ஆயில் போதும்’ என்ற எண்ணத்தைத்தான் இந்த டப்பாக்கள் நம்பியிருக்கின்றன. 2003இல் வாங்கிய காரை நாம் பழையது என்கிறோம். எஸ்ஏ ஆயிலின் கணக்கில் அது எதிர்காலத்து வண்டி.

முத்திரை சரியாக இருந்தால், அடுத்து ஒப்பிட வேண்டியது பாகுத்தன்மை. 10டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. 30 என்றால் அந்த வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதால், 30 வகையில் கெட்டியான ஒன்றும் 40 வகையில் மெல்லிய ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே ஆயில் என்று ஆகிவிடுகிறது. தேய்ந்த என்ஜினுக்கு 5டபிள்யூ-30இலிருந்து 10டபிள்யூ-40க்கு ஒரு படி ஏறுவது, கையேட்டின் வெப்பநிலை அட்டவணை அதற்கு இடம் கொடுத்தால், நியாயமான முடிவு. ஒரேயடியாக 20டபிள்யூ-50க்குத் தாவுவது பெரும்பாலும் சத்தத்தை மறைக்கும் வேலை. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது அந்தக் கெட்டி ஆயில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறத் தாமதமாகும். இந்தத் தேர்வில் பிராண்டுக்கு எந்தப் பங்கும் இல்லை: தவறான பாகுத்தன்மைக் கிரேடில் உள்ள பெரிய பெயரைவிடச் சரியான கிரேடில் உள்ள கடைப் பெயரே நல்லது.

கடைப் பெயரிலேயே சாதாரண மினரல் ஆயில், சிந்தெடிக், ‘அதிகக் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு’ என்று மூன்று வகைகள் வரிசையில் நிற்கும்போது எதை எடுப்பது என்பதுதான் எனக்குப் பிராண்டு சண்டையைவிடச் சுவையான கேள்வி. சிந்தெடிக் என்ற சொல் முன்போலக் கறாரான சொல் அல்ல. மூன்றாம் வகை எனப்படும், கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையாகப் பதப்படுத்தி எடுக்கும் அடிப்படை எண்ணெயையும் அப்படி அழைக்கலாம் என்று 1999இல் அமெரிக்காவின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று முடிவு சொன்னது. இன்று மலிவாகக் கிடைக்கும் சிந்தெடிக்குகள் பெரும்பாலும் அந்த இனமே. அதற்காக அதை ஏமாற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அது குறைவாக ஆவியாகிறது, குளிரில் எளிதில் ஓடுகிறது, வெப்பத்தில் மெதுவாகக் கெடுகிறது. ஆயில் குடிக்கும் வண்டியில் ஆவியாகும் அளவுக்கு மதிப்பு உண்டு: ஒரு மணி நேரம் 250 டிகிரியில் சூடாக்கும் நோவாக் சோதனையில் அமெரிக்க, ஜப்பானியக் கார் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎல்எஸ்ஏசியின் தரம் 15 சதவீதம் வரை இழப்பை அனுமதிக்கிறது, நல்ல சிந்தெடிக்குகள் அதற்கு வெகு கீழே நிற்கின்றன. டர்போ உள்ள வண்டி என்றால் சிந்தெடிக்கைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகத் தொடங்கும் என்று பல மெக்கானிக்குகள் எச்சரிப்பதில் பாதி உண்மை இருக்கிறது. தொடக்கக் காலச் சிந்தெடிக்குகள் சில ரப்பர் சீல்களைச் சுருங்கச் செய்தன. இன்றைய கலவைகளில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பல ஆண்டுகளாக ஆயில் மாற்றாமல் விட்ட என்ஜினில், காய்ந்துபோன சீலின் விரிசலைப் படிந்த கசடே அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அந்தக் கசடைக் கரைக்கும்போது அடைபட்டிருந்த கசிவு வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கடைப் பெயர் மினரல் ஆயிலை ஊற்றி, முதல் இரண்டு முறை 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பான வழி. மலிவு ஆயிலின் அருமை இங்கேதான் தெரிகிறது: அடிக்கடி வடித்துக் கொட்டினாலும் மனம் வலிக்காது.

அதிகக் கிலோமீட்டர் வகையில் சீல்களைச் சற்று உப்பவைக்கும் சேர்மானமும் கூடுதலான கழுவுந்தன்மையும் இருக்கும். பாகுத்தன்மையும் தன் கிரேடின் மேல் விளிம்பை ஒட்டியே பெரும்பாலும் நிற்கும். இறுகிப்போன வால்வ் சீல் வழியாக மெல்லக் கசிவதை இது குறைக்கும். கிழிந்த சீலையோ தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ இதனால் ஒன்றும் செய்ய முடியாது. என் பழைய கார் 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 300 மில்லி குடித்துக்கொண்டிருந்தபோது, முதலில் பெயர்பெற்ற நிறுவனத்தின் அதிகக் கிலோமீட்டர் ஆயிலையும், அடுத்த முறை அதே கிரேடில் கடைப் பெயர் ஆயிலையும் ஊற்றி, வாராவாரம் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் அளவைக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எது எந்த ஆயில் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பிறகு மெக்கானிக் ஒருவர் என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும், அடைபட்டுக் கிடந்த பிசிவி வால்வை மாற்றிக் கொடுத்தார். குடிப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயில் டப்பாவின் விலையைவிட அந்த வால்வின் விலை குறைவு.

இன்னும் பழைய, தட்டையான டாப்பெட் (கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) உள்ள என்ஜின்களுக்குக் கணக்கு வேறு. கேம்ஷாஃப்டின் முனை டாப்பெட்டின் மேல் உரசிச் செல்வதால், துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட தேய்மானத் தடுப்புச் சேர்மானம் அங்கே உயிர்நாடி. பாஸ்பரஸ் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுப்பதால், எஸ்எம் காலம் முதல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அதன் அளவு 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் இல்லை என்பதற்காகக் கடைப் பெயர் ஆயிலில் கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று நம்பவும் முடியாது. தரவுத் தாளில் பாஸ்பரஸ் அளவைக் காட்டும் நிறுவனத்துக்கு இந்த இடத்தில் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

பெரிய பெயர்கள் தெளிவாக வெல்லும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. வண்டி நிறுவனம் தன் சொந்த ஒப்புதல் எண்ணைக் கையேட்டில் எழுதியிருந்தால், ஏபிஐ வளையம் மட்டும் போதாது; அந்த எண் டப்பாவில் இருக்க வேண்டும், கடைப் பெயர் ஆயில்களில் அது அரிது. புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. தவறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் கிளட்சும் அதே ஆயிலில் நனைவதால், ஜப்பானிய வாகனத் தரமான ஜாசோவின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இல்லாத கார் ஆயிலை, அது எவ்வளவு உயர்ந்த பெயராக இருந்தாலும், ஊற்றக் கூடாது. உராய்வு குறைக்கும் சேர்மானத்தால் கிளட்ச் வழுக்கும்.

இவற்றில் எதிலும் அடங்காத சாதாரணப் பழைய பெட்ரோல் காருக்கு நான் எடுப்பது, 2020இல் வந்த எஸ்பி வளையமுள்ள கடைப் பெயர் 10டபிள்யூ-40. கையேடு சொல்லும் கிலோமீட்டருக்குச் சற்று முன்பே மாற்றிவிடுகிறேன். மிச்சமாகும் பணத்தில் இரண்டு செலவுகளை மட்டும் குறைக்காமல் வைத்திருக்கிறேன். ஒன்று, டிக்கியில் எப்போதும் இருக்கும் ஒரு லிட்டர் கூடுதல் டப்பா; ஏனென்றால் ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு மலிவு ஆயிலைவிட, டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட விலையுயர்ந்த ஆயில்தான் எமன். மற்றொன்று ஃபில்டர். மலிவான ஃபில்டரில், என்ஜின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் சிறு ரப்பர் வால்வு சீக்கிரம் விறைத்துப்போகிறது. மறுநாள் காலை முதல் சில விநாடிகள் கேட்கும் கடகட ஓசை அங்கிருந்து வருவது உண்டு, பழியோ கடைப் பெயர் ஆயிலின் மேல் விழுகிறது.