முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள்: மறுபடி பார்க்கையில் எது உயர்ந்து நிற்கிறது?

இயக்குநர் மகேந்திரனின் படங்களைப் பற்றி ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு படங்களில் வந்து நிற்கும். 1978இல் வெளியான 'முள்ளும் மலரும்' ஒன்று. மறு ஆண்டே வந்த 'உதிரிப்பூக்கள்' மற்றொன்று. முன்னது உமாசந்திரனின் நாவலிலிருந்தும் பின்னது புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்தும் கிளைத்தவை. இரண்டுக்கும் இசை இளையராஜா. ஒளிப்பதிவு மட்டும் முதலாவதில் பாலு மகேந்திரா, அடுத்ததில் அசோக்குமார்.

கதையளவில் தொடர்பற்றவையாகத் தோன்றினாலும், வீட்டுப் பெண்கள் தனக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நம்பும் ஓர் ஆணைத்தான் இரண்டு படங்களும் கூர்ந்து கவனிக்கின்றன. 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினிகாந்த் நடித்த, விஞ்ச் என்னும் இழுவை இயந்திரத்தை இயக்கும் காளியிடம் அந்த நம்பிக்கை தங்கைப் பாசமாக வெளிப்படுவதால் நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இறுதிக் காட்சியில், மணக்கோலத்தில் செல்லும் வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடமே ஓடி வருகிறாள். ஊரறியத் தன்னைத் தேர்ந்துவிட்டாள் என்ற நிறைவில் காளி மனமிளகி, அவள் மணக்க விரும்பிய எஞ்சினியரிடம் அவளை ஒப்படைக்கிறான். அப்போதும் அவரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் சம்மதிக்கிறான். அந்த ஒரு வசனம் இல்லாமல் போயிருந்தால் படம் வழக்கமான அண்ணன் தங்கை கதையாக முடிந்திருக்கும். ரஜினிகாந்தின் நடிப்பில் இதைவிடச் சிறந்த இடம் ஒன்றை என்னால் சுட்ட இயலவில்லை.

ஆயினும், மறுபடி மறுபடி பார்க்கையில் ஒரு நெருடல் எழுகிறது. வள்ளி தன் விருப்பத்தைக் கைவிட்டு வந்த பிறகே காளியின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. படமோ அந்தப் பெருந்தன்மையில் நம்மை நெகிழவைத்து அனுப்பிவிடுகிறது.

'உதிரிப்பூக்கள்' அத்தகைய ஆறுதல் எதையும் தருவதில்லை. சிற்றன்னையையும் குழந்தைகளையும் சுற்றி நகரும் மூலக்கதையிலிருந்து விலகி, மகேந்திரன் தந்தையான சுந்தரவடிவேலுவை மையத்துக்குக் கொண்டுவந்தார். விஜயன் அந்தப் பாத்திரத்தைக் குரல் உயர்த்தாமல், நிதானமான கொடுமையோடு செய்திருப்பதால், அஸ்வினி நடித்த நோயாளி மனைவி லட்சுமியின் மௌனம் நமக்கு இன்னும் கனக்கிறது. பொறுமையிழந்த ஊரார் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது, இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல் மாற்றிவிட்டேன், நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் அவன் பேசுகிறான். தண்டனையைக் காண விரும்பிய பார்வையாளரும் அந்த ஊராரோடு சேர்ந்து குற்றவாளியாகிவிடுகிறார். தமிழில் வில்லனுக்கு இப்படியொரு முடிவை அதற்கு முன் எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

பாடல்களில் 'செந்தாழம்பூவில்', 'அழகிய கண்ணே' ஆகிய இரண்டுக்கும் இடையே தேர்வு செய்வது வீண்வேலை. படங்களில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் என் தேர்வு 'உதிரிப்பூக்கள்'. மகேந்திரனைப் புதிதாக அறியவிருப்பவர்கள் மட்டும் 'முள்ளும் மலரும்' படத்திலிருந்து தொடங்கட்டும். காளியை மன்னித்த கையோடு சுந்தரவடிவேலுவைச் சந்தித்தால்தான், எதை மன்னித்தோம் என்ற கேள்வி அவர்களுக்குள் எழும்.