அரை நிழல் புறவாசலில் பேர்ல் புல்: புல் நல்ல புல்தான், கோரைக் களைதான் உயிரை எடுக்கிறது

புறவாசல் புல்தரைக்குப் பேர்ல் புல் போடலாமா, கொரியன் புல் போடலாமா என்று பாளையங்கோட்டைப் பக்கம் புதுசா வீடு கட்டி முடிக்கிற எல்லாரும் கேட்கிறார்கள். போன வாரமும் ஒரு நண்பர் கேட்டார். புறவாசல் எந்தத் திசை, மதில் எத்தனை அடி, மரம் எது, தண்ணீர் போர்வெல்லா தாமிரபரணிக் குழாயா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இலை எப்படி இருக்கும், என்ன விலை என்பதெல்லாம் நர்சரியிலேயே பார்த்திருப்பீர்கள். வருஷக் கணக்கில் மிதித்து, வெட்டி, தண்ணீர் விட்ட பிறகு தெரியவருகிற விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெயில். நம்ம ஊர் சுமார் 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதிலிருந்து ஆவணி பாதி வரை கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், பிறகு தெற்கே இறங்கிவிடும். தெற்குப் பார்த்த வீட்டுக்குப் புறவாசல் வடக்கே வரும். 20 அடி உயர வீடு என்றால் ஆனி மாத மதியத்தில் அந்தப் பக்கம் நிழலே விழாது. மார்கழி மதியத்தில் அதே வீட்டின் நிழல் பன்னிரண்டரை அடி விழும். பத்தடி மதில்கூட ஆறடிக்கு மேல் நிழல் தரும். பால் காய்ச்சினது சித்திரை வைகாசியாக இருக்கும், “நல்லா வெயில் அடிக்குதே” என்று கொரியன் போட்டுவிடுவார்கள். கார்த்திகை வந்ததும் சுவரோரம் பத்தடிக்குப் புல் மெலிந்து மண் தெரியும். உடனே நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு. அவர் மேல் தப்பில்லை, சூரியன் இடம் மாறியிருக்கிறது.

ஆகவே ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் மழை இல்லாத ஒரு நாளில் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு நிழல் விளிம்பில் குச்சி நட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழுகிற இடத்தில் அறுகோ கொரியனோ தாராளமாக வரும். நாலிலிருந்து ஆறு என்றால் கொரியன் உயிரோடு இருக்கும், ஆனால் அடர்த்தி இருக்காது. மூன்று, நாலு மணி நேரம்தான் என்றால் பேர்ல், இல்லையென்றால் எருமைப்புல். அதற்கும் குறைந்தால் எந்தப் புல்லுக்கும் காசு கொடுக்காதீர்கள். கவிந்த மாமரத்தடி அப்படிப்பட்ட இடம். அங்கே ஜல்லி போட்டு இரண்டு தொட்டி வைத்துவிடலாம்.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். “பஃபலோ” என்று கேட்டால் ஒரு கடையில் பேர்லின் அகல இலை அண்ணனைத் தருவார்கள், இன்னொரு கடையில் எருமைப்புல்லைத் தருவார்கள். பேர்லும் அதன் அண்ணனும் தட்டைத் தண்டு, மெல்லிய இலை. எருமைப்புல்லின் ஓடுதண்டு தடியாக இருக்கும், இலை முரடு, அடியில் சுருங்கி லேசாகத் திருகினாற்போல் இருக்கும். உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி பேர்லின் நல்ல குணம். வேப்பமரத்துப் புள்ளி நிழலில் இது பிடிக்கிற மாதிரி வேறு எதுவும் பிடிப்பதில்லை. மழைக்காலத்தில் ஆறு அங்குல இடைவெளியில் கொத்துக் கொத்தாக நட்டால், நன்றாகப் போனால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். நிழலில் கொரியன் இதில் பாதி வேகம்கூடக் காட்டாது. கொரியனை வெட்டாமல் விட்டால் மேடு மேடாக எழும்பும், பேர்லுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது. பங்குனி மத்தியானம் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாத நேரத்திலும் இதில் வெறுங்காலோடு நிற்கலாம். மாசி, பங்குனியில் வேப்பிலை கொட்டும்போது மட்டும் அன்றன்றைக்கு வாரியலால் தள்ளிவிட வேண்டும். ஒரு வாரம் அப்படியே கிடந்தால் அடியில் புல் வெளுத்துவிடும்.

அடிமண் தயாரிப்பை நீட்டி எழுதத் தேவையில்லை. ஆறு அங்குலம் கொத்தி, கட்டடக் கழிவையும் சிமெண்டுக் கட்டியையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இந்தப் புல்லுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சுண்ணாம்பு ஆகாது. மேலே இரண்டு அங்குலம் செம்மண்ணும் மட்கிய உரமும் கலந்து போட, நூறு சதுர அடிக்குப் பதினேழு கன அடி பிடிக்கும். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் கொடுத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்காது. யூரியா நூறு சதுர அடிக்கு 100 கிராம், வருஷம் இரண்டு தடவை போதும். நிழல் பக்கத்தில் அதில் பாதி. போட்ட கையோடு தண்ணீர் விடாவிட்டால் இலை கருகும். கார்த்திகையில் யூரியா போடவே கூடாது. ஈரத்தில் வட்ட வட்டமாகப் பூஞ்சாணம் பிடிக்கும்.

தண்ணீர்தான் இதன் முதல் குறை. வேர் ஆழம் போகாது. வைகாசியில் நூறு சதுர அடிக்கு நாளைக்கு 50 லிட்டர் வேண்டும், அதாவது மூன்று குடத்துக்கு மேல். நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் விடுங்கள். சாயந்திரம் விட்டால் ராத்திரி முழுக்க இலை ஈரமாகக் கிடக்கும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வெயில் பக்கம் காய்ந்து கிடக்கும். கொரியனோ, நீலம் பாரித்துச் சுருண்டாலும் தண்ணீர் விட்டதும் எழுந்துகொள்ளும்.

இரண்டாவது, போர்வெல் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் அதிகமான தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் புது இலை மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்கள். தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். இதற்கு இரும்பு சல்பேட் தெளிக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று தருவது வேண்டாம், உரக்கடையில் பயிருக்கென்று விற்பதை வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், கலக்கின உடனே சாயந்திரம் தெளிக்க வேண்டும். நூறு சதுர அடிக்கு ஒன்றரை லிட்டர் போதும். பத்து நாளில் பச்சை திரும்பும், ஆனால் அடுத்து வருகிற இலை மறுபடி மஞ்சள்தான். மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ கிடைக்கும் வரை இந்த வைத்தியம் ஓயாது. சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக் கறை லேசில் போகாது, பக்கத்தில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். தென்காசி, கடையம் பக்கம் சாரலும் நல்ல தண்ணீரும் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீரும் காற்றுமாக இருப்பவர்கள் பேர்லை மறந்துவிட்டு எருமைப்புல் போடுங்கள். பார்க்க முரடுதான், இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வெட்டவும் கூடாது. ஆனால் அந்தத் தண்ணீரில் நிற்கும்.

கதிர் விடுகிற தொல்லையும் உண்டு. மெல்லிய காம்பின் நுனியில் இரண்டு விரல் கவை மாதிரி பிரிந்திருக்கும், அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு விரல். வெட்டின நாலாம் நாள் மறுபடி நிற்கும். பார்க்க அசிங்கமே தவிர கெடுதல் இல்லை, வெட்டிக்கொண்டே இருக்கலாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கோரை.

பேர்ல் தானாகக் கோரையைக் கொண்டுவருவதில்லை. அதனோடு ஒட்டி வருகிற மண் கொண்டுவருகிறது. நர்சரியில் அட்டையாக வெட்டித் தருகிற புல்லின் அடிமண்ணில் வரும், டிப்பரில் வருகிற செம்மண்ணில் வரும். குளத்துக் கரம்பை மண்ணைக் கொட்டினால் கேட்கவே வேண்டாம், அதைவிடப் பெரிய விதைப்பண்ணை கிடையாது. பத்தமடையில் பாய் நெய்கிற கோரை வேறு ஜாதி, அது இந்தப் பக்கம் வராது. இது கிழங்குக் கோரை. இதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கென்று காசு கொடுத்து வாங்குகிறார்கள், நம்ம புறவாசலில் இலவசம்.

முதல் மழை விழுந்து ஒரு வாரத்தில் புல்லுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு எட்டிப் பார்க்கும். தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டும். பிடித்து இழுத்தால் வெள்ளைக் கழுத்தோடு ‘பட்’டென்று கையோடு வந்துவிடும், வேலை முடிந்துவிட்டதென்று மனசும் ஆறும். ஆனால் கிழங்கு உள்ளேயேதான் இருக்கிறது. ஈரமான மண்ணில் நீளத் திருப்புளியைச் செருகி மெல்லக் கிளறினால் கறுத்த கிழங்கு ஒன்று, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு, அதன் முனையில் அடுத்த கிழங்கு, அப்படியே சங்கிலியாகப் போகும். பெரும்பாலும் மேல் ஆறு அங்குலத்துக்குள்தான், சில ஒரு அடிக்கும் இறங்கியிருக்கும். முனையில் இருக்கிற கிழங்கு முளைத்திருக்கும் வரை மற்றவை தூங்கும். சங்கிலியை அறுத்தால் அத்தனையும் தனித்தனியாக விழிக்கும். அதனால்தான் மம்பட்டியால் கொத்தினவன் புறவாசலில் ஒன்று பத்தாகிறது.

பிடுங்கியே ஒழிக்கலாம், ஆனால் தவறாமல் பிடுங்க வேண்டும். முளைத்து ஒரு மாத வாக்கில் அது புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன்னால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டே இருந்தால் கிழங்கில் இருக்கிற சேமிப்பு கரைந்துகொண்டே வரும். ஒரு சுற்று விட்டுப்போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஷீட் போட்டு மூடுகிற யோசனை இந்தக் களைக்கு உதவாது, பாலிதீனைத் துளைத்துக்கொண்டே மேலே வரும்.

மருந்து உண்டு, ஹாலோசல்ஃபியூரான் மெத்தில் 75 சதவீதம், கரும்புக் காட்டுக் கோரைக்கு அடிப்பது. ஏக்கருக்கு 36 கிராம். அப்படியானால் ஒரு செண்டுக்கு 0.36 கிராம். இதை எந்த அடுக்களைத் தராசு நிறுக்கும்? 3.6 கிராமை நகை நிறுக்கிற சின்னத் தராசில் நிறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து இரண்டு லிட்டராக்கினால் ஒரு செண்டுக்கு ஆகும். கரைத்ததை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைச் சாக்கடையிலோ கிணற்றோரமோ ஊற்றக் கூடாது. அடித்த மறுநாள் ஒன்றும் தெரியாது. கோரை மஞ்சளாகிச் சாக இரண்டு மூன்று வாரம் ஆகும், பொறுமை இல்லாமல் இரண்டாம் தடவை அடித்துப் புல்லைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து லேபிளில் புல்தரையின் பெயர் இருக்காது. ஆகவே முதலில் மூலையில் ஒரு சதுர அடியில் அடித்து மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

எதிர்பார்க்காத ஒரு சந்தோஷமும் இதில்தான் கிடைக்கிறது. கோரைக்கு நிழல் ஆகாது. வேப்பமரத்தடியிலும் வடக்குச் சுவரோரத்திலும் தேடினால்தான் ஒன்றிரண்டு இருக்கும், இருப்பதும் நரங்கிப்போய் நிற்கும். வெயில் விழுகிற பாதியில்தான் அட்டகாசம். எந்த இடத்துக்காகக் கவலைப்பட்டுப் பேர்ல் போட்டோமோ அந்த இடம் சொக்கத் தங்கமாக இருக்கிறது, கவலையே படாத இடம் கழுத்தை அறுக்கிறது. வெயில் பக்கத்தில் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் நிறுத்தினால் புல் நிழலே கோரையைக் கொஞ்சம் அமுக்கும். ஒட்ட வெட்டினால், குறிப்பாக நைலான் கயிறு மிஷினால் சிரைத்தால், அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்த கணக்குத்தான்.

புதுசாகப் போடுகிறவர்களுக்கு: மண் பரப்பின உடனே புல் நடாதீர்கள். வெறும் மண்ணுக்கு மூன்று வாரம் தண்ணீர் விட்டு, வருகிற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று எடுத்த பிறகு நடுங்கள். அட்டையாக வாங்காமல் கொத்தாக வாங்கி, வேர் மண்ணை வாளித் தண்ணீரில் அலசிவிட்டு நட்டால் பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும். கூலி ஆள் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

நண்பருக்கு என்ன சொன்னேன்? நிழலுக்கு இதைவிடப் பொருத்தமான புல்லை நம்ம பக்கத்தில் காட்ட முடியாது என்றுதான் ஆரம்பித்தேன். பேசி முடிக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் மழைக்குப் பிறகு என் புறவாசலில் வெயில் பக்கம் முழுக்கக் கோரையின் பச்சை ஊசிகள் எழும்பியிருந்தன. இதையே மாசியில் கேட்டிருந்தால் தாராளமாகப் போடுங்க அண்ணாச்சி என்றிருப்பேன். இப்போதைய முடிவு இதுதான்: நிழல் பாதியில் பேர்ல் அப்படியே இருக்கட்டும், வெயில் பாதியைப் பெயர்த்து இரண்டடிக்கு இரண்டடி கடப்பாக் கல் பாவிவிடலாம். இடுக்கை மண்ணால் நிரப்பாமல் சிமெண்டுக் கலவையால் பூசச் சொல்லுங்கள். மண் இடுக்கு என்றால் அதிலும் வரும்.